1993: தென்னாப்பிரிக்கா நூலிழையில் தப்பிய ஆண்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1990இல் மண்டேலா சிறையிலிருந்து வந்தார், 1994இல் ஜனாதிபதி ஆனார். நம்மில் பலருக்குத் தென்னாப்பிரிக்காவின் கதை இந்த இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது. நடுவில் நடந்தது ஏதோ தேநீர் விருந்து மாதிரி ஒரு நினைப்பு. 1993ஆம் ஆண்டின் செய்தித்தாள்களை வரிசையாகப் புரட்டிப் பார்த்தால் அந்த நினைப்பு ஏப்ரல் மாதத்தைத் தாண்டாது. அந்த ஓர் ஆண்டைப் பற்றி அடிக்கடி எழும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

நிறவெறி ஆட்சி என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1948இல் வெள்ளையர்களின் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தபின் சட்டம் போட்டு நடத்திய இனப் பிரிவினை அது. பிறந்த குழந்தையைக்கூட வெள்ளையர், கறுப்பர், இந்தியர், கலப்பினத்தார் என்று பதிவு செய்தார்கள். எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரைக் கல்யாணம் செய்யலாம் என்பதை எல்லாம் அந்தப் பதிவுதான் முடிவு செய்தது. நாட்டில் பெரும்பான்மையினரான கறுப்பர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு கிடையாது. இந்தப் பதிவுச் சட்டமும் குடியிருப்புச் சட்டமும் 1991இல்தான் ரத்தாயின். ஆனால் ஓட்டு? அது இன்னும் வரவில்லை. 1993இன் கதையே அந்த ஓட்டைப் பற்றியதுதான்.

1990லேயே மண்டேலா வெளியே வந்துவிட்டாரே, தேர்தலுக்கு ஏன் இத்தனை தாமதம்?

விடுதலை கொடுப்பது வேறு, ஆட்சியைக் கொடுப்பது வேறு. ஜனாதிபதி எஃப்.டபிள்யூ. டி கிளார்க் கட்சிகள் மீதான தடைகளை நீக்கினாரே தவிர, பெரும்பான்மை ஆட்சிக்கு உடனே சம்மதிக்கவில்லை. வெள்ளையர் கையில் ஏதாவது ஒரு தடுப்பதிகாரம் இருக்க வேண்டும் என்பது அவர் தரப்பின் கணக்கு.

1991 டிசம்பரில் தொடங்கிய பேச்சு 1992 மே மாதம் முட்டிக்கொண்டு நின்றது. ஜூன் மாதம் பொய்ப்பட்டோங் என்ற கறுப்பர் குடியிருப்பில் இரவோடிரவாக 45 பேர் கொல்லப்பட்டார்கள். மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் பேச்சை முறித்துக்கொண்டது. செப்டம்பரில் பிஷோ நகரில் அந்தக் கட்சியின் ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச்சூடு நடந்து 28 ஆதரவாளர்கள் இறந்தார்கள். சரி, இப்படியே போனால் ஆளுவதற்கு நாடே மிஞ்சாது என்று இரு தரப்புக்கும் உறைத்தது அப்போதுதான். அந்த மாதக் கடைசியிலேயே ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 1993 பிறக்கும்போது பேச்சு மறுபடி தொடங்கலாம் என்ற நிலை இருந்தது. தேதி மட்டும் இல்லை.

கிறிஸ் ஹானி யார்? அவர் கொலை ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

மண்டேலாவுக்கு அடுத்தபடியாகக் கறுப்பு இளைஞர்கள் கொண்டாடிய தலைவர். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவில் தளபதியாக இருந்தவர், பிறகு கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர். லத்தீனும் ஆங்கில இலக்கியமும் படித்துவிட்டுத் துப்பாக்கி எடுத்த ஆள். 'பேச்சுவார்த்தை எல்லாம் ஏமாற்று வேலை' என்று கொதித்துக்கொண்டிருந்த பையன்களிடம் போய், பொறுங்கள் என்று அவரால் சொல்ல முடிந்தது. அவர் போராளி என்பதால் அவர் சொன்னால் கேட்டார்கள்.

அவர் குடியிருந்தது ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த பாக்ஸ்பர்க் நகரில், டான் பார்க் பகுதியில். பாக்ஸ்பர்க் சாதாரண ஊர் அல்ல. 1988இல்கூட நகரமன்றம் பூங்காக்களில் 'வெள்ளையர் மட்டும்' பலகையைத் திரும்ப மாட்டிய ஊர். அங்கே வெள்ளையரும் கறுப்பரும் கலந்து குடியேறத் தொடங்கியிருந்த ஒரு தெருவில் வீடு பார்த்துப் போனார் ஹானி.

1993 ஏப்ரல் 10, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. விடுமுறைதானே, வீட்டில் இருங்கள் என்று மெய்க்காவலர்களை அனுப்பிவிட்டார். 15 வயது மகள் மட்டும் வீட்டில். காலையில் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்பினார். வாசலில் இறங்கியபோது பின்னாலேயே ஒரு சிவப்பு கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவன் யானுஷ் வாலுஷ், 1981இல் போலந்திலிருந்து வந்து குடியேறியவன். அவன் சுட்டதில் ஹானி தன் வீட்டு வாசலிலேயே இறந்துபோனார்.

எதிர்வீட்டுப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. டச்சு வழிவந்த வெள்ளையரின் மொழியான ஆப்ரிக்கான்ஸ் பேசும் குடும்பம். அதாவது நிறவெறி ஆட்சியைக் கட்டி எழுப்பிய அதே ஆப்ரிக்கானர் சமூகம். அவர் காரின் எண்ணைப் பார்த்து மனதில் பதிய வைத்துக்கொண்டு போலீஸுக்குப் போன் செய்தார். கொஞ்ச நேரத்துக்குள் கார் மடக்கப்பட்டது. துப்பாக்கி காருக்குள்ளேயே இருந்தது, விமானப்படைக் கிடங்கிலிருந்து திருடப்பட்டது. அதை வாலுஷுக்குக் கொடுத்தவர், சீர்திருத்தத்தை எதிர்த்த வெள்ளையரின் கன்சர்வேடிவ் கட்சித் தலைவர்களில் ஒருவரான கிளைவ் டெர்பி-லூயிஸ். வாலுஷின் வீட்டில் கிடைத்த பட்டியலில் மண்டேலா, கம்யூனிஸ்ட் தலைவர் ஜோ ஸ்லோவோ ஆகியோரின் பெயர்களும் இருந்தன.

அந்தப் பெண்மணி எண்ணைக் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கொலையாளி யாரென்று தெரியாமல் ஒரு வாரம் போயிருந்தாலே போதும். வதந்திதான் தீர்ப்பு எழுதியிருக்கும்.

அன்றைக்கு நாடு பற்றி எரியாமல் தடுத்தது எது?

கொஞ்சம் எரிந்தது. பல நகரங்களில் கலவரம், கடை சூறை, துப்பாக்கிச்சூடு, சாவு எல்லாம் நடந்தன. லட்சக்கணக்கானோர் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். ஓர் இரங்கல் கூட்டத்தில் இளைஞர் அணித் தலைவர் பீட்டர் மொகாபா வெள்ளை விவசாயிகளைக் கொல்லச் சொல்லும் கோஷத்தை எழுப்பினார், கூட்டம் திரும்பச் சொன்னது. கொலையாளிகள் எதிர்பார்த்தது இதைத்தான். இனப்போர் மூண்டால் ராணுவம் இறங்கும், ராணுவம் இறங்கினால் பேச்சு சாகும்.

செய்தி வந்தபோது மண்டேலா டிரான்ஸ்கெயில் தன் சொந்த ஊரான கூனுவில் இருந்தார். உடனே கிளம்பி ஜோகன்னஸ்பர்க் வந்து அரசுத் தொலைக்காட்சியில் பேசினார். பேச்சின் உயிர் இரண்டு வாக்கியங்களில் இருந்தது. வெறுப்பு நிறைந்த ஒரு வெள்ளைக்காரர் நம் நாட்டுக்கு வந்து இந்தக் கொடுமையைச் செய்தார் என்றார். அடுத்த வாக்கியத்திலேயே, ஆப்ரிக்கானர் வழியில் வந்த ஒரு வெள்ளைப் பெண் தன் உயிரைப் பணயம் வைத்து அந்தக் கொலையாளியை நாம் பிடிக்க உதவினார் என்றார்.

சுட்டவனும் வெள்ளை, காட்டிக் கொடுத்தவரும் வெள்ளை. கோபத்தை இனத்தின் மீது திருப்ப நினைத்தவனுக்கு அந்த இரண்டாவது வாக்கியம் முட்டுக்கட்டை. மண்டேலா ஏன் மண்டேலா என்று யாராவது கேட்டால் 27 வருடச் சிறையை விட இந்த இரண்டு வாக்கியங்களைத்தான் நான் காட்டுவேன்.

அப்போது மண்டேலா என்ன பதவியில் இருந்தார்?

எந்த அரசுப் பதவியிலும் இல்லை. ஒரு கட்சியின் தலைவர். 74 வயது, வாழ்நாளில் ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை. ஜனாதிபதி டி கிளார்க்தான். ஆனால் அந்த வாரம் நாடு யார் வாயைப் பார்த்துக் காத்திருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆட்சி சட்டப்படி கைமாறியது ஒரு வருடம் கழித்து. உண்மையில் கைமாறியது அந்த ஏப்ரலில் என்பது என் கணிப்பு.

ஹானி கொலைக்கும் தேர்தல் தேதிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. நான் இந்தப் பக்கத்தை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

கொலைக்கு ஒன்பது நாள் முன்பு, ஏப்ரல் 1 அன்றுதான் பலகட்சிப் பேச்சு மறுபடி கூடியிருந்தது. தேதி குறிப்பதை அரசுத் தரப்பு தள்ளிக்கொண்டே போனது. தேதி இல்லாத பேச்சு அவர்களுக்கு வசதி. நாள் போகப் போக எதிர்த்தரப்பு களைத்துப்போகும். ஹானி செத்த பிறகு அந்த வசதி போய்விட்டது. தெருவில் நிற்கும் இளைஞனுக்குக் கையில் கொடுக்க ஒன்று வேண்டும், அது தேதிதான் என்று ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் விடாப்பிடியாக நின்றது. ஜூன் 3 அன்று 1994 ஏப்ரல் 27 என்ற நாள் முன்வைக்கப்பட்டது, ஜூலை 2 அன்று உறுதியானது.

தேர்தலை நிறுத்தவென்று செய்த கொலை தேர்தலுக்கு நாள் குறித்துக் கொடுத்தது. டி கிளார்க்கின் மனமாற்றமோ மண்டேலாவின் பெருந்தன்மையோ மட்டும் அந்தத் தேதியைக் கொண்டுவந்துவிடவில்லை. அந்தத் தேதியின் மேல் ஹானியின் ரத்தம் இருக்கிறது.

பேச்சுவார்த்தை எங்கே நடந்தது? யாரெல்லாம் இருந்தார்கள்?

ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், கெம்ப்டன் பார்க் நகரின் உலக வர்த்தக மையக் கட்டடத்தில். மொத்தம் 26 தரப்புகள். ஆளுங்கட்சி, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ், கம்யூனிஸ்டுகள், ஜூலு மக்களின் இன்காதா கட்சி, வெள்ளை வலதுசாரிகள், கறுப்பர்களை ஒதுக்கி வைக்க நிறவெறி அரசு உண்டாக்கி வைத்த 'தாயகங்களின்' ஆட்சியாளர்கள் என்று ஒரே கூரையின் கீழ் எல்லோரும். ஒவ்வொரு தரப்பும் பேச அனுப்பும் இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். கட்சித் தலைவர்களுக்கு அதில் பெரிய உற்சாகம் இல்லை; பெண்கள் போராடி வாங்கிய இடம் அது.

வேலையைத் தூக்கிச் சுமந்தவர்கள் இருவர். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்குச் சிரில் ராமபோசா, சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் பேரம் பேசிப் பழகியவர். அரசுக்கு ரோல்ஃப் மேயர். இவர்கள் நட்பைப் பற்றி ஒரு கதை உண்டு. 1991இல் ஒரு நண்பரின் பண்ணையில் மீன் பிடிக்கப் போனபோது மேயரின் விரலில் தூண்டில் முள் ஏறிவிட்டது. ராமபோசா இடுக்கியை எடுத்து வந்து, என்னை நம்புங்கள் என்று சொல்லி முள்ளை வெளியே எடுத்தார். எதிரியின் கையில் விரலைக் கொடுத்த ஆள், பிறகு அவரோடு இரண்டு வருடம் உட்கார்ந்து அரசியலமைப்பு எழுதினார்.

26 பேரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்றால் எதுவும் நகராது அல்லவா? அதனால் 'போதிய அளவு ஒருமித்த கருத்து' என்று ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார்கள். நடைமுறையில் அதன் பொருள், மண்டேலா தரப்பும் டி கிளார்க் தரப்பும் ஒத்துக்கொண்டால் போதும் என்பதுதான். இன்காதா தலைவர் மங்கோசுது புத்தெலேசி இதை மன்னிக்கவே இல்லை. ஜூலையில் தன் ஆட்களை அழைத்துக்கொண்டு வெளியேறினார்.

பேச்சு நடந்த கட்டடத்துக்குள் கவச வண்டியை ஓட்டினார்களாமே, உண்மையா?

உண்மை. ஜூன் 25, 1993. ஆப்ரிக்கானர் தீவிர வலதுசாரிகள் ஆயிரக்கணக்கில் கட்டடத்தின் முன் கூடினார்கள். குடும்பம் குடும்பமாக வந்து இறைச்சி சுட்டுச் சாப்பிட்டுக்கொண்டு, ஏதோ திருவிழாவுக்கு வந்த மாதிரி இருந்தது ஆரம்பம். அப்புறம் கவச வண்டி ஒன்று கண்ணாடி முகப்பை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. பின்னாலேயே யூஜின் டெர்ரெப்ளாஞ்சின் காக்கிச் சட்டைக்காரர்கள் புகுந்தார்கள். சுவரில் கிறுக்கினார்கள், நாற்காலிகளில் சிறுநீர் கழித்தார்கள், நடுவில் நின்று ஜெபமும் செய்தார்கள். பிரதிநிதிகள் உள்ளறைகளில் பதுங்கிக் கிடந்தார்கள். போலீஸ் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தது. கறுப்பர் கூட்டம் ஒன்று இதைச் செய்திருந்தால் வேடிக்கை பார்த்திருப்பார்களா என்று அன்று எல்லோரும் கேட்டார்கள்.

சில மணி நேரத்தில் போய்விட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் உண்மையான ஆபத்து டெர்ரெப்ளாஞ்ச் அல்ல, முன்னாள் ராணுவத் தளபதி கான்ஸ்டாண்ட் வில்ஜோன். அவர் கூப்பிட்டால் ஆயுதத்தோடு வரப் பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தார்கள். மண்டேலா அவரோடு ரகசியமாகப் பேசத் தொடங்கினார், அதே ஆண்டு ஆகஸ்டில். 1994 மார்ச்சில் வில்ஜோன் துப்பாக்கி வழியை விட்டுவிட்டுத் தேர்தலில் நிற்க வந்தார்.

'கறுப்பர்களே கறுப்பர்களைக் கொன்றார்கள்' என்கிறார்களே?

அந்த ஆண்டு அரசியல் வன்முறையில் இறந்தவர்கள் 3,500க்கும் மேல். அதில் மிகப் பெரும்பாலானோர் கறுப்பர்கள் என்பதும், கொன்றவர்களிலும் பலர் கறுப்பர்கள் என்பதும் சரி. ஆனால் அந்த வாக்கியம் பாதியைத்தான் சொல்கிறது.

ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிழக்கே தொக்கோசா என்ற குடியிருப்பு. அதன் நடுவே குமாலோ தெரு. தெருவை ஒட்டிப் பெரிய பெரிய ஆண் தொழிலாளர் விடுதிகள். கிராமத்திலிருந்து ஆண்களை மட்டும் கொண்டுவந்து, மனைவி மக்களைச் சேர்க்க விடாமல் தங்க வைக்க நிறவெறி அரசு கட்டியவை. விடுதிகளில் அப்போது இருந்த ஜூலுக்கள் இன்காதா, சுற்றி இருந்த வீடுகளில் இருந்தவர்கள் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ். தெருவின் இந்தப் பக்கத்தவர் அந்தப் பக்கம் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. வீடுகளைக் காக்கப் பள்ளிப் பையன்கள் ஏகே-47 தூக்கினார்கள். வேலைக்குப் போகும் ரயிலில் ஏறிக் கண்ணில் பட்டவர்களை வெட்டிவிட்டு இறங்கிப் போன கும்பல்கள் வேறு.

இதன் பின்னால் போலீஸ், ராணுவ உளவுத்துறை ஆட்கள் சிலர் ஆயுதமும் பணமும் கொடுத்துத் தூண்டுகிறார்கள் என்று மண்டேலா சொல்லிக்கொண்டே இருந்தார். 'மூன்றாவது சக்தி' என்று பெயர். அரசு மறுத்தது. நீதிபதி ரிச்சர்ட் கோல்ட்ஸ்டோன் தலைமையிலான விசாரணை ஆணையம் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க, போலீஸ் உயரதிகாரிகளுக்கே பங்கு உண்டு என்பது 1994 மார்ச்சில் வெளியே வந்தது. நிறவெறிக் காலக் குற்றங்களை விசாரிக்கப் பின்னாளில் அமைந்த உண்மை ஆணையத்தில் இன்னும் நிறைய வந்தது. இன்காதாக்காரர்களும் காங்கிரஸ்காரர்களும் குற்றமற்றவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டு பக்கமும் கொன்றார்கள். விறகு ஏற்கெனவே காய்ந்து கிடந்தது, எண்ணெய் ஊற்றியவர்கள் சீருடையில் இருந்தார்கள்.

வெள்ளையர்கள் மீது தாக்குதல் நடக்கவில்லையா?

நடந்தது. ஜூலை 25, ஞாயிறு மாலை, கேப் டவுனில் செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம். ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது கதவைத் திறந்து கையெறி குண்டு வீசிச் சுட்டார்கள். 11 பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் அந்த ஊரில் கப்பல் நின்றதால் ஆராதனைக்கு வந்திருந்த ரஷ்ய மாலுமிகள். செய்தது, இன்னொரு கறுப்பர் விடுதலை அமைப்பான பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸின் ஆயுதப் பிரிவு. சரியாக ஒரு மாதம் கழித்து ஏமி பீல் என்ற வெள்ளை இன அமெரிக்க மாணவியை, கேப் டவுனின் கறுப்பர் குடியிருப்பான கூகுலேத்துவில் ஒரு கும்பல் கொன்றது. கறுப்பர் தோழிகளை வீட்டில் விடக் காரில் போனவர் அவர். நிறவெறிக்கு எதிராக வேலை செய்தவர். பிறகு கொலையாளிகளுக்குப் பொதுமன்னிப்பு தருவதை அவருடைய பெற்றோர் எதிர்க்கவில்லை. அவர்களில் இருவர், மகள் பெயரில் பெற்றோர் நடத்திய அறக்கட்டளையிலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நம்பத் தோன்றவில்லை. இப்போதும் முழுசாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அரசும் சும்மா இல்லை. அக்டோபர் 8 அன்று உம்டாட்டாவில் ஆயுதக் கிடங்கு என்று சொல்லி ராணுவம் ஒரு வீட்டுக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லோரும் சிறுவர்கள். இருவருக்கு வயது 12. நடவடிக்கைக்கு ஒப்புதல் கொடுத்தவர் டி கிளார்க்.

அதே டி கிளார்க்குக்கா நோபல் அமைதிப் பரிசு?

ஆமாம். உம்டாட்டா நடந்து ஒரே வாரத்தில், அக்டோபர் 15 அன்று, மண்டேலாவுக்கும் அவருக்கும் சேர்த்து அறிவித்தார்கள். மண்டேலாவுக்கு இதில் கசப்பு இருந்தது, பரிசை மறுக்கவில்லை. இருவரும் டிசம்பர் 10 அன்று ஓஸ்லோவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாங்கினார்கள்.

தென்னாப்பிரிக்காவிடம் அணுகுண்டு இருந்ததா?

இருந்தது, ஆறு. ஏழாவது பாதியில் நின்றது. எல்லாவற்றையும் பிரித்து அழித்துவிட்டோம் என்று டி கிளார்க் 1993 மார்ச் 24 அன்று நாடாளுமன்றத்தில் சொன்னபோதுதான் உலகத்துக்கு அதிகாரபூர்வமாகத் தெரிந்தது. தானே செய்த அணுகுண்டைத் தானே அழித்த நாடு வேறு இல்லை. நல்லெண்ணம் என்று சொல்பவர்கள் உண்டு. வரப்போகும் கறுப்பர் அரசின் கையில் குண்டு போகக்கூடாது என்ற கணக்கும் அதில் இருந்தது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டாமவர்கள் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

வெள்ளையர்கள் கடைசியில் ஏன் சம்மதித்தார்கள்?

பணம், வேலை, ஓய்வூதியம். பொருளாதாரத் தடைகளால் நாடு ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. 1992 மார்ச்சில் வெள்ளையர் மட்டும் ஓட்டளித்த பொதுவாக்கெடுப்பில் சுமார் 69 சதவீதம் பேர் சீர்திருத்தம் தொடரட்டும் என்றார்கள். ஆனால் அரசு வேலையில் இருந்த லட்சக்கணக்கான ஆப்ரிக்கானர்களுக்கு, நாளைக்கு நம்மைத் தெருவில் விடுவார்களா என்ற பயம் இருந்தது. ராணுவமும் போலீஸும் அவர்கள் கையில்தான்.

அந்தப் பயத்துக்கு மருந்து சொன்னவர் ஜோ ஸ்லோவோ. கம்யூனிஸ்ட், வெள்ளையர் அரசு பல வருடம் பூச்சாண்டியாகக் காட்டிய ஆள். அவருடைய மனைவி ரூத் ஃபர்ஸ்டை 1982இல் அந்த அரசின் ஆட்கள் பார்சல் குண்டு அனுப்பிக் கொன்றிருந்தார்கள். அந்த ஸ்லோவோதான், ஐந்து வருடம் கூட்டாட்சி நடத்துவோம், இருக்கும் அதிகாரிகளின் வேலையையும் ஓய்வூதியத்தையும் காப்போம் என்று தன் கட்சியிடமே வாதாடினார். 'அந்திப்பொழுது விதிகள்' என்று பெயர் வந்தது. சூரியன் மறைவதுபோல் ஒரு காலம் கழித்து அவை தாமாகவே மறைந்துவிடும். ஒரு மிதவாதி இதைச் சொல்லியிருந்தால் துரோகி என்றிருப்பார்கள். ஸ்லோவோவை அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அரசியலமைப்பு எப்போது முடிவானது?

நவம்பர் 18, நள்ளிரவு தாண்டி. கடைசி முடிச்சு அமைச்சரவையைப் பற்றியது. முக்கிய முடிவுகளுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது, சிறப்புப் பெரும்பான்மை வேண்டும், அதன் வழியே ஒரு தடுப்பதிகாரம் கிடைக்கும் என்று டி கிளார்க் தரப்பு கடைசி வரை நின்றது. கிடைக்கவில்லை. 'இணக்க உணர்வோடு' முடிவெடுப்பார்கள் என்ற ஒரு சொற்றொடரோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. 17ஆம் தேதி ராமபோசாவின் பிறந்தநாள், 41 வயது. கையெழுத்து முடிந்ததும் அதே மண்டபத்தில் கேக், பாட்டு, ஆட்டம்.

டிசம்பர் 22 அன்று பழைய நாடாளுமன்றம் 237க்கு 45 என்ற கணக்கில் அதை நிறைவேற்றியது. கறுப்பர் ஒருவர்கூட உறுப்பினராக இல்லாத அவை, தன்னைக் கலைக்கும் சட்டத்துக்குத் தானே கைதூக்கியது.

அங்கிருந்த தமிழர்கள் அப்போது என்ன நிலையில் இருந்தார்கள்?

1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து டர்பனில் போய் இறங்கியவர்கள் தொடங்கி, கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போன அதே மண். தோட்டக் காலத்தில் கிடைத்த விடுமுறையை ஒட்டி அமைந்த வழக்கத்தால், டர்பனுக்கு அருகே இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா இன்றும் ஈஸ்டர் சமயத்தில்தான். ஹானி கொல்லப்பட்டது அப்படி ஒரு விழா வாரத்தில்.

அரசியலில் இவர்கள் நடுவில் மாட்டியவர்கள். 1983 சட்டம் இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் தனித்தனி அவை கொடுத்தது, கறுப்பருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பெரும்பாலோர் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். தொழிற்சங்கக் கூட்டமைப்பை நடத்திய ஜெய் நாயுடு போலப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர்களும் உண்டு. ஆனாலும் 1994இல் இந்திய வாக்காளர்களில் பெரும்பகுதியினர் போட்டது டி கிளார்க் கட்சிக்குத்தான். கறுப்பர் பெரும்பான்மையைப் பற்றிய பயம். இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் மறைப்பதற்கில்லை.

ஒரு நல்ல செய்தி. 1993இன் இடைக்கால அரசியலமைப்பு 11 ஆட்சிமொழிகளை அறிவித்தது. அதோடு நிற்காமல், மதிக்கவும் வளர்க்கவும் வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. 1996இன் நிரந்தர அரசியலமைப்பிலும் அது தொடர்கிறது.

இந்தியா அப்போது என்ன செய்தது?

1946இலேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தைத் துண்டித்த முதல் நாடு இந்தியா. பழைய இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தென்னாப்பிரிக்கா நீங்கலாக என்று அதிலேயே அச்சடித்திருப்பார்கள். தூதரக உறவு 1993 நவம்பரில் திரும்பியது.

அதே நவம்பரை நம் ஊர்க்காரர்கள் வேறு ஒரு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பார்கள். 24ஆம் தேதி, ஈடன் கார்டன், ஹீரோ கோப்பை அரையிறுதி. கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு ஆறு ரன் தேவை, அசாருதீன் பந்தைச் சச்சினிடம் கொடுத்தார், இரண்டு ரன்னில் இந்தியா ஜெயித்தது. கெம்ப்டன் பார்க்கில் கேக் வெட்டி ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

ஹானியைக் கொன்றவர்கள் என்ன ஆனார்கள்?

1993 அக்டோபரில் இருவருக்கும் மரண தண்டனை. ஆனால் அதே ஆண்டு எழுதப்பட்ட இடைக்கால அரசியலமைப்பு உயிர் வாழும் உரிமையை உறுதி செய்தது. அதை வைத்து 1995இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மரண தண்டனையையே ஒழித்தது. ஹானியின் தோழர்கள் எழுதிய சட்டம் அவரைக் கொன்றவர்களின் கழுத்தைக் காப்பாற்றியது. உண்மை ஆணையம் அவர்களுக்கு மன்னிப்புத் தர மறுத்துவிட்டது. டெர்பி-லூயிஸ் நோயாளியாக 2015இல் வெளியே வந்து அடுத்த வருடம் இறந்தார். வாலுஷை 2022இல் பரோலில் விடச் சொன்னதும் அதே அரசியலமைப்பு நீதிமன்றம்தான். ஹானியின் மனைவி கொதித்துப்போனார். விடுதலைக்கு முன் சிறைக்குள் ஒரு கைதி வாலுஷைக் கத்தியால் குத்தினார், பிழைத்துக்கொண்டான். 2024 டிசம்பரில் போலந்துக்கு அனுப்பினார்கள்.

'மண்டேலா எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டார்' என்று இன்றைய இளைஞர்கள் சொல்வது நியாயமா?

ஓரளவு. 1913 நிலச் சட்டத்தில் தொடங்கிக் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய நிலம் கடைசியில் நாட்டில் சுமார் 13 சதவீதம்தான். 1993 பேரத்தில் சொத்துரிமைக்குப் பாதுகாப்பு எழுதினார்கள். 1913க்குப் பின் பறிக்கப்பட்டதற்கு நிவாரணம் கேட்கலாம் என்று ஒரு வழியும் வைத்தார்கள், ஆனால் அந்த வழி மிகக் குறுகலானது. ஓட்டு வந்தது, நிலம் வரவில்லை என்ற குறை இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆனால் இன்றைய அறையில் உட்கார்ந்து அன்றைய பேரத்தை எடைபோடும்போது, தொக்கோசாவின் பிணங்களையும் வில்ஜோனின் ஆட்களையும் தராசில் சேர்த்துத்தான் வைக்க வேண்டும். ராணுவம் யார் கையில் இருந்ததோ அவர்களோடுதான் பேரம் நடந்தது.

தேர்தல் சரியாக அந்தத் தேதியில் நடந்ததா?

நடந்தது, 1994 ஏப்ரல் 26 முதல் 29 வரை நீட்டி. புத்தெலேசி ஒரு வாரம் முன்புதான் கலந்துகொள்ளச் சம்மதித்தார். வாக்குச்சீட்டு அச்சாகிவிட்டிருந்தது, அவர் கட்சியின் பெயரை ஸ்டிக்கராக அடித்து ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒட்டினார்கள். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 62.65 சதவீதம். மண்டேலா தன் முதல் ஓட்டை டர்பனுக்கு அருகே இனாண்டாவில் ஒரு பள்ளியில் போட்டார்.

பேச்சு நடந்த அந்தக் கட்டடம் இப்போது இருக்கிறதா?

நினைவுச் சின்னமாக வைத்திருப்பார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அந்த இடத்தில் இப்போது இருப்பது எம்பரர்ஸ் பேலஸ் என்ற சூதாட்ட விடுதி.